கரந்தடி என்று எழுதிய தாள்

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஆளுக்கொரு சொல்லை எடுத்து, அதன் பொருளையும் பிறப்பையும் வகுப்பில் பேச வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவள் 'கெரில்லா'வை எடுத்துவிட்டு வந்து நின்றாள். வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். ஆனால் சொல்லின் வேர் என்று வந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. ஸ்பானிய மொழியில் அது சின்னப் போர் என்றேன். தமிழில் கரந்தடி, கரத்தல் என்றால் மறைதல், மறைந்திருந்து எதிர்பாராத நேரத்தில் அடிப்பது என்றேன். போதாததற்கு ஓர் அரைத்தாளில் நானே எழுதியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை கலஹாவில் அவளோடு பஸ் ஏறிய பிறகுதான், அந்தத் தாள் அவள் ஃபைலில் இருப்பது உறைத்தது. யுத்த காலத்தில் கண்டியில் ஓர் அறையில் தங்கி வேலை பார்த்தேன். பிடித்த சொற்களை அகராதியிலிருந்து கொப்பியில் எழுதிவைக்கும் பைத்தியம் எனக்கு. ஒரு நாள் பொலிஸ் சுற்றிவளைத்துத் தேடியபோது அந்தக் கொப்பி அகப்பட்டது. கரந்தடி என்ற இந்தச் சொல்லும் அதில் இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மூன்று நாள் அடைத்து வைத்துக் கேட்டார்கள். அகராதி என்றேன். நம்பவில்லை. அந்த மூன்று நாளைப் பற்றி வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

இப்போது யுத்தம் இல்லை. தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் பொலிஸ் நிற்கிறதா என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

"ஏன்ப்பா நெளியிறீங்க? ஒழுங்கா உக்காருங்க" என்றாள் மகள்.

பேராதனைக்குச் சற்று முன்னால் ஒரு பொலிஸ்காரர் கை காட்டி பஸ்ஸை நிறுத்தினார். அவ்வளவுதான். அவள் மடியிலிருந்த ஃபைலைப் பிடுங்கி, தாளை உருவி, நாலாகக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பொலிஸ்காரர் டிரைவரின் லைசனைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போகச் சொன்னார். உள்ளே ஏறக்கூட இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்சீட்டுப் பெண் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால், காகிதத்தைத் துப்பவும் முடியாமல் விழுங்கித் தொலைத்தேன். மகள் ஃபைலை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

பள்ளிக்கூட வாசலில், "திரும்ப எழுதித் தாறேன்" என்று பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன், மறுபடி மூடினேன், மறுபடி கழற்றினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, உங்கள யாராச்சும் அடிச்சாங்களா?"

"ஆமா."

"இந்தச் சொல்லுக்கா?"

"ஆமா."

இத்தனை வருடம் மறைத்தது இரண்டே சொல்லில் வெளியே வந்துவிட்டது. அவள் பேனாவை வாங்கி, மதிலில் ஒரு வெற்றுத்தாளை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன்."

சொன்னேன். அவள் எழுதி முடிக்கும்வரை, ரோட்டின் இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.