பதினாறு வோல்ட் வால்வு

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் கழித்து, பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய மகளுக்கு அப்போது இருபது வயது. தங்கமான பெண், என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதுதான் எனக்குப் பிரச்சினை. “சாப்ட்டீங்களா”, “வச்சிடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று பேங்க் கவுன்டரில் பேசுவதுபோல நான்கு வருடம் பேசினாள். பெற்றவளை ‘நீ, வா, போ’ என்று அதட்டி வளர்ந்தவள் அவள். அந்த ஒரு ‘நீ’க்கு நான் ஏங்கினேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பரணிலிருந்து அவள் அம்மாவின் வால்வு ரேடியோவை இறக்கினாள். அம்மா பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது. திருவள்ளூரில் அவள் வேலை செய்யும் ஆபீசுக்கு அருகில் ஒரு கடையில் காட்டினாள். ஒரு வால்வு போய்விட்டது, அந்த நம்பர் இப்போது கிடைக்காது என்று அனுப்பிவிட்டார்கள். முகம் தொங்கிப்போய் வந்தாள்.

“குடும்மா, நான் பாக்கறேன்” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு செரமம்?”

எனக்கா சிரமம்? கும்மிடிப்பூண்டியில் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி பல்பு மாதிரி இருக்கும் அந்த வால்வுக்குள் சூடேற்றும் இழை அறுந்திருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினேன். இனி வேண்டியது ஒரே ஒரு வால்வு.

எங்கள் கம்பெனிக்குப் பின்னால், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பழைய சாமான் அனுப்பும் குடோன் ஒன்று உண்டு. வால்வு வேண்டும் என்று கேட்டேன். குடோன்காரர் உள்ளே போய்ப் பித்தளையில் ஒரு பைப் வால்வைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எத்தினி இஞ்சி வோணும்?”

“தண்ணிக்கு இல்லண்ணா, ரேடியோவுக்கு. கண்ணாடில இருக்குமே.”

“அத மொதல்ல சொல்றதில்ல? டிவி பொட்டி கீது, பாத்துக்கினு எடுத்துக்கம்மா.”

பழைய கறுப்பு வெள்ளை டிவிகள் குவிந்து கிடந்தன. நான்காவது பெட்டியில் கிடைத்தது. ரேடியோ வால்வின் நம்பர் E எழுத்தில் தொடங்கும். இதில் P. மற்ற எழுத்தும் எண்ணும் அச்சு அசல் அதேதான். என் மனசு துள்ளியது.

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இது வேறங்க. அம்மாதுல E இருந்துச்சி.”

“உள்ள ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு ஆறு வோல்ட் குடுத்தா சூடாவும், இதுக்குப் பதினாறு வேணும். அந்தப் பதினாற நான் தனியா குடுத்துடுவேன்.”

“மாத்து போட்டா அம்மா ரேடியோ மாதிரி இருக்குமா?”

இரண்டாவதாக வந்தவளின் காதில் இந்தக் கேள்வி எப்படி விழும் என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். எனக்குச் சுருக்கென்றது. “போட்டுப் பாத்துட்டு சொல்லு” என்றேன். பழைய வால்வை அவள் பஞ்சில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும், அது அவள் அம்மாவுடையது.

சூப்பர்வைசரிடம் கேட்டு, ஒதுக்கிப்போட்ட இரும்புக் கோர் ஒன்றில் பதினாறு வோல்ட்டுக்குச் சின்ன டிரான்ஸ்பார்மர் சுற்றினேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை, ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, அந்த வால்வுக்குப் போகும் பழைய ஒயர்களைப் பிரித்துவிட்டு என்னுடையதைச் சேர்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுவிட்சைப் போட்டேன். சத்தம் இல்லை.

“வரலீங்களே” என்றாள்.

“வரும். சூடாவட்டும்.”

எனக்குச் சந்தேகமே இல்லை. அரை நிமிடத்தில் கரகரப்பு வந்தது. அவள் குமிழைத் திருப்ப, ஒரு பெண் நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசித்தாள். இவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் தலைகால் புரியாமல் போய்விட்டேன். என் டிரான்ஸ்பார்மர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க, கரண்ட் ஓடும்போதே பின்னால் கையை விட்டேன். இத்தனை வருடம் காயில் சுற்றுகிறவள் செய்கிற காரியமா அது?

“கைய எடு. உள்ள கரண்ட் கீதுல்ல? நீ இன்னா லூசா?”

என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிடி இறுக்கமாக இருந்தது. என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை, திட்டிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். நானோ, மறுபடியும் கையை விட்டால் மறுபடியும் திட்டுவாளா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.