மாணிக்கவேலுக்குக் கிடைக்காத ஆறடி மண்

பூங்காவனத்தின் புருஷன் மாணிக்கவேல் ஆரணியில் பட்டு நெய்து சம்பாதித்ததையெல்லாம் பாதி ஆயுசு வரை குடித்தே தீர்த்தவர். செய்யாரிலிருந்து வந்த பாஸ்டர் ஜெயச்சந்திரனின் ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்தார். அதோடு குடி போனது. குடியை விட்டதற்கு ஒரு வாய்கூடப் பாராட்டவில்லை; சாமியை விட்டதற்கு மட்டும் தெருவே திரண்டு வந்து நியாயம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாட்டுப் பாடினால் போலீஸ் வந்து, பர்மிஷன் இருக்கிறதா என்று விசாரித்தது. தன் வீட்டில் கண்ணை மூட யாரிடம் பர்மிஷன் வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை. அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்குள்ளேயே ஜெபித்தார்கள்.

சாகும் முன் அவர் கேட்டது ஒன்றுதான். நெற்றியில் திருநீறு வேண்டாம், சங்கு வேண்டாம், ஜெபம் பண்ணி மண்ணில் புதைத்துவிடு என்றார். பூங்காவனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

விடியற்காலையில் உயிர் போனது. அவள் அழுகை கேட்டதும் தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. பிணம் எடுக்கும்வரை அங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். கைத்தறியானாலும் பவர்லூமானாலும் அதுதான் வழக்கம். இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இவருக்காகத் தறியை நிறுத்தினார்களே என்று அவள் மனசு குளிர்ந்துபோனது. பைத்தியக்காரி, அதை மன்னிப்பு என்று நினைத்துவிட்டாள்.

பாஸ்டர் இடம் கேட்டு அலைந்தார். ஊரில் இருந்த கல்லறைத் தோட்டத்தில், எங்கள் சபை ஆளாக இருந்தால்தான் என்று கையை விரித்தார்கள். செய்யாரில் அவருடைய ஜெபக்கூடமே வாடகைக் கொட்டகை, கல்லறைக்கு எங்கே போவார்? தெருச் சுடுகாட்டிலேயே ஓரமாகக் குழி வெட்டிக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தார். அதைக் கேள்விப்பட்டதும் தெருவின் பெரியவர் அருணகிரி வாசலுக்கு வந்துவிட்டார்.

"தறிய நிறுத்திட்டு ஒக்காந்துகினு இருக்கோம். வேத்தாளுக்கு நிறுத்துவோமாம்மா? எங்க ஆளு. எங்க மொறைப்படிதான் எடுப்போம்."

"அவரு வேணான்னு சொல்லிட்டுப் போனாருங்க."

அப்படியானால் தூக்க ஆள் வராது, சுடுகாட்டுக்குள்ளும் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார். போலீஸ் வந்தது, இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஐஸ் பெட்டிக்காரர் பயந்துகொண்டு வரவே இல்லை. வெயில் ஏற ஏற உடம்பு ஊத ஆரம்பித்தது. ஈயை விரட்டி விரட்டி அவள் கை ஓய்ந்தது. கட்டியவரின் முகம் கண்ணெதிரே கெட்டுப்போவதை எந்தப் பெண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"எடுத்துடுங்க," என்றாள்.

நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள், சங்கு ஊதினார்கள். மாணிக்கவேலின் அண்ணன் மகன் இளவரசன் கொள்ளி வைக்க முன்னால் நடந்தான். தெருமுனையில் தடுக்கப்பட்ட பாஸ்டர் கைகட்டி நின்றார். பிணத்தைத் தூக்கும் முன் பூங்காவனம் குனிந்து புருஷன் காதில், மன்னிச்சிடுங்க என்றாள். தாங்க முடியாத வெட்கம் அவளுக்கு. மற்றவர்களுக்கு அது ஒப்பாரியாகத்தான் தெரிந்தது.

எரித்துவிட்டுக் குளித்து ஈரத்தலையோடு திரும்பிய அருணகிரி வாசலில் நின்றார். குரலில் உண்மையாகவே அன்பு இருந்தது.

"கவலப்படாதம்மா. கடைசில நம்மகிட்டயே திரும்பி வந்துட்டான் பாரு."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நாளைக்கு அவளும் இதே தெருவில்தான் சாக வேண்டும்.