காணப்பயற்றில் நான் விழுந்த கதை

மதுரையில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், அந்த விரல்களில் ஒன்று நான். மற்றவர்களெல்லாம் வெள்ளைக்காரர்களும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஷெட்டில் சக்கரம் கழுவி, அடி வாங்கி, திருப்பி அடித்து, சொந்தமாக இரண்டு பஸ்ஸும், சீமைக்குத் திரும்பிப்போன துரையிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கியவன் நான் ஒருவன்தான். எவன் சிபாரிசும் இல்லை.

ஓட்டுவதிலும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேகத்தைச் சொல்லவில்லை. வேகம் எந்தக் கழுதைக்கும் வரும். பிரேக்கை இழுத்துப் பார்க்காமல் வண்டியில் காலைத் தூக்கிப்போட மாட்டேன். ஊர் எல்லை தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுவேன். எதிரே மாட்டுவண்டி வந்தால் எஞ்சினை அமர்த்திவிட்டு ஓரமாக நிற்பேன். அந்தச் சத்தத்துக்கு மாடு மிரண்டு, வண்டியும் ஆளுமாகக் கண்மாய்க்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். கள் குடித்த அன்றைக்கு வண்டியைத் தொடுவதில்லை. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எனக்கே தெரிந்தது.

என் மச்சினனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, இதில் ஒன்றுமே தெரியாது. வேகத்துக்குப் பிடியை முறுக்க மட்டும் தெரியும். ஒரு மாசி மாதம் நான் ஷெட்டில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது, என்னைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிப் பக்கம் போய்விட்டான். மத்தியானம் அந்தப் பக்கமிருந்து வந்த என் டிரைவர் பஸ்ஸை முழுசாக நிறுத்தக்கூட இல்லை, கத்திக்கொண்டே குதித்தான்.

“அண்ணே, ஒங்க மச்சினரப் பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்காய்ங்கண்ணே! கைய வெட்டப் போறாய்ங்களாம்!”

போலீசுக்குச் சொல்லி, அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் கை போய்விடும். அதே பஸ்ஸைத் திருப்பச் சொல்லி ஏறினேன்.

நடந்தது இதுதான். அந்தச் சாலைக்குத் தார் போட்ட புதிது. வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளுக்கு அதைப்போல வசதியான களம் வேறில்லை. பிடுங்கிக் காயவைத்த காணப்பயற்றுச் செடியை, அதுதான் கொள்ளுச் செடியை, சாலையை அடைத்துப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற மாட்டுவண்டிகள் ஏறி மிதித்து நெற்றை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். வண்டிக்காரர்களும் முகம் சுளிக்காமல் அதன்மேல்தான் ஓட்டுவார்கள். மாட்டுக் குளம்புக்கும் இரும்புப் பட்டைக்கும் அது சரி. ரப்பர் டயருக்கு அது கோலிக்குண்டு பரப்பிய தரை. செடியைக் கம்பால் புரட்டிக்கொண்டு ஒரு பெண் நடுச்சாலையில் நின்றிருக்கிறாள். மச்சினன் முறுக்கிக்கொண்டு வந்து, அவளைக் கண்டதும் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். வண்டி படுத்துக்கொண்டே போய் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துவிட்டது.

நான் போய் இறங்கியபோது மச்சினனுக்கு முகம் என்று ஒன்று இல்லை. உதடு கிழிந்து தொங்கியது. முன்பல் இருந்த இடத்தில் ரத்தம் நுரைத்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தோடு சேர்த்து அவனைக் கட்டி, வலது கையை மட்டும் தனியாக இழுத்து ஆரக்காலில் இறுக்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் அரிவாளோடு நின்றான். அவள் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். காலில் தட்டைக்குச்சி வைத்துக் கட்டியிருந்தது. ஒரு தடியன் கடப்பாரையை என் வண்டியின் பெட்ரோல் டேங்குக்கு நேரே ஓங்கினான். அவன் பிடரியைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலில் எறிந்தேன். உடனே என் முதுகில் கம்புகள் விழுந்தன. நான் விழவில்லை.

“மச்சான், என் கை, மச்சான்!” என்று மச்சினன் அலறினான்.

“வாய மூடுடா!” என்று புருஷன் அவன் வயிற்றில் மிதித்துவிட்டு என்னிடம் திரும்பினான். “நீர்தான் மோட்டார்காரரா? முறுக்குன கைய வெட்டிக் குடுத்துர்றேன். மிச்ச ஒடம்பக் கூட்டிட்டுப் போம்.”

“குத்தம் இவங்கிட்ட இருக்குய்யா, இல்லேங்கல. ஆனா ஊரு நடக்குற ரோட்டுல காணத்தப் பரப்புனது யாரு? ரப்பர் சக்கரம் அதுல நிக்காதுய்யா!”

“பரப்பாம? எங்கப்பன் காலத்துலருந்து பரப்புறோம். எந்த வண்டி விழுந்துச்சு?”

கட்டிலில் இருந்து அவள் சீறினாள். “தார் ரோட்டுல வேணாம், களத்துல போடுன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது அவனுக்கு அரிவாளைவிடக் கூர்மையாக இறங்கியிருக்க வேண்டும். கண் சிவந்துபோய் என் முன்னால் வந்தான்.

“சரிய்யா. நீரே ஓட்டிக் காட்டும். இந்தக் காணத்து மேல இந்தத் தலைப்புலருந்து அந்தத் தலைப்பு வரைக்கும். நீர் விழுந்தா குத்தம் காணத்துது, பரப்புன என் தலையில. இவன அவுத்து விட்டுர்றேன். விழாமப் போயிட்டீர்னா குத்தம் இவன் கையிதுதான். அது இங்கயே கெடக்கும்.”

“அவரு எங்க ஏறப்போறாரு? வேட்டிய நனைச்சுட்டாருல்ல!” என்றான் வாய்க்காலில் இருந்து எழுந்து வந்த தடியன்.

வண்டியை நிமிர்த்தினேன். பிடி வளைந்திருந்தது, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. உதைத்ததும் பிடித்துக்கொண்டது. விழ வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். மெதுவாகப் போய்ச் சாய்ந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். வேகமாகப் போய்த்தான் விழ வேண்டும்.

முறுக்கினேன். காணம் டயருக்கடியில் பொரிந்தது. பின்சக்கரம் இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது. இந்த மாதிரித் தரையில் வண்டியைத் திருப்பக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது, காலை இறக்கக் கூடாது. பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அதன் போக்கில் நேராக விட்டுவிட வேண்டும். என் உடம்பு அதைத்தான் செய்தது. நான் சொல்லாமலே செய்தது. விழுவது எனக்கு வராத வேலை. பாதிச் சாலை தாண்டியும் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். என் வித்தையைப் பார்த்துக் கூட்டம் வாய் பிளந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது இனித்தது, பொய் சொல்லவில்லை.

காணம் முடிகிற இடம் தெரிந்தது. அங்கே மச்சினனைக் கட்டியிருந்த வண்டிச் சக்கரத்தின் பக்கம் அரிவாள் உயர்ந்தது. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

முன்பிரேக்கை முழுக் கையாலும் இழுத்தேன்.

தார் என் முகத்தில் அறைந்தது. காதின் பாதியைச் சாலை எடுத்துக்கொண்டது. வண்டி என் காலின்மேல் ஏறி, சுற்றி, புளியமரத்தில் மோதி நின்றது. தோளுக்குள் ஏதோ மடக்கென்று முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாய் நிறையக் காணப்பயறும் ரத்தமும்.

புருஷன் ஓடிவந்து அரிவாளை என் கழுத்துக்கு நேரே நீட்டினான். “நல்லாத்தானய்யா போனீரு? வேணும்னுட்டு விழுந்தீரா?”

சட்டையைக் கிழித்துக் காட்டினேன். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டாகி, தோலுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. “வேணும்னு எவன்யா எலும்ப ஒடிச்சுக்கிருவான்? பாரு நல்லா!”

அவன் பார்த்தான். அரிவாளை மட்டும் இறக்கவில்லை.

“சொன்ன சொல்லு சொன்னதுதான? போயி கயித்த அறுய்யா!” என்றாள் அவள் கட்டிலில் இருந்து. “என் காலு ஒடிஞ்சு கெடக்கு, நீ கதை பேசிக்கிட்டு நிக்கிற.”

கயிற்றை அறுத்தான். மச்சினன் மண்ணில் விழுந்தான். கை கருநீலமாக வீங்கியிருந்தது. ஆனாலும் உடம்போடு இருந்தது. அவளைக் கட்டிலோடு தூக்கி என் பஸ்ஸில் ஏற்றச் சொன்னேன். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கால் கூடுகிறவரைக்கும் பார்ப்பது என் பொறுப்பு என்றேன். புருஷன் அரிவாளைப் போட்டுவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான்.

நான் படியில் கால் வைத்தபோது மச்சினன் எழுந்து, வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டான். பிறகு புளியமரத்தடிக்குப் போய், விழுந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினான்.

“மச்சான், ஒங்களுக்குத்தான் தோளு போச்சே. வண்டிய நான் ஓட்டிட்டு வாரேன்” என்றான்.

முறியாத கையால் விட்டேன் ஒரு அறை. ஊர்க்காரர்கள் மிச்சம் வைத்திருந்த பல்லும் ஆடிப்போயிற்று. “தூக்கிப் பஸ்ஸு மேல கட்டுடா!” என்றேன்.

அந்தக் கையை அதற்குப் பிறகு எந்தப் பிடியிலும் வைக்க நான் விடவில்லை. என் பஸ்ஸிலேயே கண்டக்டராகப் போட்டேன். சாகிற வரைக்கும் அதே கையால் டிக்கெட் கிழித்தான். அதையும் நன்றாகத்தான் கிழித்தான்.