ஒரு வார வேண்டுதல்

நேற்று காலை கம்பெனி மெடிக்கலுக்காகத் திருப்போரூர் லேபில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஒரு வாரமா சோறே துண்றதில்லம்மா, டெய்லி வாக்கிங்" என்றேன், ஊசியோடு வந்த பெண்ணிடம் பெருமையாக. அவள் சிரிக்கவில்லை. "இது மூணு மாச சுகர் பாக்கறது சார். ஒரு வாரம் பட்டினி கெடந்தா ஏமாறாது." பஞ்சிலிருந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. ஏழுமலையின் கால் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழுமலையும் நானும் ஒரே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினோம். அதற்கு முன்னால் கோவளத்திலிருந்து சைக்கிளில் மீன் பெட்டி கட்டி மிதித்தவர்கள். தொப்பை என்றால் என்னவென்றே தெரியாது. வேன் வந்ததும் கால்களுக்கு வேலை போயிற்று. ஓட்டாத நேரத்திலும் சீட்டிலேயே தூக்கம். பொழுது சாய்ந்தால் பரோட்டா, நடுநடுவே சர்க்கரை தூக்கலாக டீ. இரண்டே வருஷத்தில் பேண்ட் பட்டன் போடுவது பெரும்பாடாகிவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் மெடிக்கல் செக்கப். சர்க்கரை எகிறினால் ஸ்டியரிங் கிடையாது. அதற்கு வழி கண்டுபிடித்த மேதாவி நான்தான், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பு சோறு நிறுத்தம், பாகற்காய் சாறு, விடிந்ததும் கோயில் குளத்தைச் சுற்றி வேகநடை. கேட்பவர்களிடம் முருகனுக்கு வேண்டுதல் என்போம். வேண்டுதல் என்றால் செருப்பு போட முடியுமா? வெறுங்காலில்தான் நடந்தோம். பாஸானதும் அதே மதியம் பிரியாணி.

நாலாவது வருஷம் மெடிக்கல் வரிசையில் ஏழுமலைக்குப் பின்னால் நின்றேன். செருப்பை வெளியே விட்டிருந்தோம். அவன் நகர நகர, வெள்ளைத் தரையில் சிவப்புத் திட்டுகள். யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மச்சான், கால்ல ரத்தம் வருதுடா."

"எங்க?" என்று வலது காலைத் தூக்கிப் பார்த்தான். இடது பாதத்தில், காலை நடையில் குத்திய கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. "வலிக்கவே இல்லியே" என்றான்.

இவ்வளவு ஆழத்துக்கு ஏறியும் வலிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? "டாக்டராண்ட காட்டிடலாம் வாடா."

"கம்முனு இரு. சொன்னா வேல பூடும். வூட்டுல மூணு உசுரு கீது."

கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக் கர்ச்சீப்பால் கட்டினேன். தரையை என் காலாலேயே துடைத்தேன். அன்று அவன் பாஸ். அந்தக் கட்டோடுதான் பிரியாணியும் தின்றோம், கடவுளே.

புண் ஆறவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

இன்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரையோடு தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சாயங்காலம் குளத்துக்குப் போனேன். ஏழுமலை படியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஊன்றுகோல்.

"இன்னா மச்சான், பாஸா?"

"பெயிலுடா."

அவன் முகம் ஒரு நிமிஷம் செத்துவிட்டது. பிறகு குனிந்து என் காலைப் பார்த்தான். "ஷூ போட்டுகினுதான வந்துகீற? அப்ப நட. எத்தினி சுத்துன்னு நான் எண்றேன்."

நடந்தேன். முன்பெல்லாம் மூன்றாவது சுற்றுக்குள் என்னை முந்திப் போய்விடுவான், அவன் முதுகுதான் தெரியும். இன்று ஒவ்வொரு சுற்றிலும் அதே படியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்ட வேண்டியிருந்தது.