சுட்டி என்ற சைக்கிள்

கொடைக்கானல் மலைக்குள் ஒதுங்கிய பூண்டியில் சைக்கிள் கிடையாது. ஓட்ட இடம் இருந்தால்தானே வாங்குவதற்கு? வாசலில் நின்று ஒரு பூசணிக்காயை உருட்டிவிட்டால் அது பள்ளத்து ஓடையில் போய்த்தான் நிற்கும். வெள்ளைப்பூண்டானாலும் உருளைக்கிழங்கானாலும் ஊரைவிட்டு வெளியே போவது மட்டக்குதிரையின் முதுகில்தான். அந்த ஊரிலிருந்து முதன்முதலாக பி.ஏ. தேறிய பொன்னுவேலுக்கு, சின்ன வயதில் சைக்கிள் ஓட்டிய கதையை இங்கிலீஷில் சொல்லியாக வேண்டிய காலம் வந்தது.

அறுபத்திரண்டாம் வருடம், ஆனி மாதச் சாரல். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. வெளியூர்ப் பெற்றோரிடம் டெலிபோனில் பேசவேண்டிய வேலை என்பதால் எழுத்துப் பரீட்சை இல்லை. உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். என்ன கேட்பார்கள் என்று துப்புச் சொன்னவர் செபாஸ்டின். பேத்துப்பாறைக்காரர், ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லர். பொன்னுவேலின் அப்பா வேலப்பனிடம் காலகாலமாகப் பூண்டு வாங்கிய பழக்கத்தில், பங்களாவுக்குப் பின்னால் இருந்த தன் அறையில் அவனுக்குப் படுக்க இடம் கொடுத்திருந்தார்.

"எல்லார்ட்டயும் ஒரே கேள்விதான் தம்பி. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டுனதப் பத்திச் சொல்லு. யாரு கத்துக்குடுத்தா, எங்கெல்லாம் போன, கீழ விழுந்தியா, அந்த சைக்கிள் இப்ப எங்க? பள்ளிக்கூடத்துத் தொரசாணி எங்க பங்களாவுக்கு டீ குடிக்க வரும்போது இதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பொறக்குற புள்ள எல்லாம் சைக்கிளோட பொறக்குதுன்னு அதுக்கு நெனப்பு."

"எனக்கு ஓட்டவே தெரியாதுங்களே."

"ஓட்டியா காட்டச் சொல்றாங்க? வாயில ஓட்டு. கீழ விழுந்தேன்னு மட்டும் கட்டாயம் சொல்லிப்புடு. விழாதவன அந்தம்மாவுக்குப் பிடிக்காது."

மதுரையில் படித்த காலத்திலாவது கற்றுக்கொண்டிருக்கலாம். விடுதியில் பாதிப் பேர் சைக்கிள் வைத்திருந்தார்கள். ஆனால் மீசை முளைத்த பிறகு நடுத்தெருவில் விழுந்து எழ அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் மணியடித்துக்கொண்டு வைகைப் பக்கம் போவார்கள். "நீ பின்னாடி நடந்து வா" என்பார்கள். அவன் போய்ச் சேரும்போது அவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன? 'எங்கள் ஊரில் சைக்கிள் இல்லை.' பிசகில்லாத வாக்கியம்தான். ஆனால் அதற்குப் பிறகு வருகிற மௌனத்தை எதைக் கொண்டு அடைப்பது? விடுதியில் அவன் பேச்செல்லாம் இப்படித்தான் ஒரு வரியில் முடிந்து போயிற்று. இந்த வேலையும் ஒரு வரியில் முடிந்தால் பூண்டிக்குத் திரும்ப வேண்டும். அங்கே இப்போது யாரும் அவன் கையில் மண்வெட்டி கொடுப்பதில்லை. கொத்தப் போனால் "படிச்ச புள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று வரப்பில் சாக்கை விரித்து உட்காரவைக்கிறார்கள். ஊரே குனிந்து பூண்டு பிடுங்கும்போது, அவன் ஒருவன் மட்டும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பான்.

ஏரியைச் சுற்றி நடந்தான். சீசனுக்கு வந்த பிள்ளைகள் வாடகை சைக்கிளில் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்து ஒரு கதை கட்டிப் பார்த்தான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. அப்போதுதான் சுட்டி நினைவுக்கு வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த செம்பழுப்பு மட்டக்குதிரை. அப்பா கீழ்நாட்டுச் சந்தையில் பிடித்து வந்தது. குதிரை என்று வந்த இடத்திலெல்லாம் சைக்கிள் என்று வைத்துச் சொல்லிப் பார்த்தான். தடங்கலில்லாமல் இங்கிலீஷ் வந்தது. ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, தண்ணீரிடம் இரண்டு தரம் சொன்னான்.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் இரண்டு பேர். நரைத்த கொண்டை போட்ட துரைசாணி. பக்கத்தில் ஆபீஸ் மேனேஜர் பரமானந்தம், கோட்டுக்கு மேல் கம்பளி மப்ளர். கேள்வியும் பதிலும் இங்கிலீஷில்தான்.

"யார் கற்றுக்கொடுத்தது?" என்று துரைசாணி கேட்டார்.

"அப்பா. என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு முன்னால் நடப்பார்."

"முன்னாலா? பின்னால் அல்லவா பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்?"

"எங்கள் பாதை குறுகல் அம்மா," என்று சமாளித்தான். "நான் பயப்படாமலிருக்கப் பாடிக்கொண்டே போவார்."

"விழுந்ததுண்டா?"

"சோலைக்குள் ஓடையைத் தாண்டும்போது விழுந்தேன். அது எனக்காக நின்றது."

பரமானந்தம் பேனாவைக் கீழே வைத்தார். பொன்னுவேல் அதைக் கவனிக்கவில்லை. பேச்சு இறக்கத்தில் இறங்கியிருந்தது. நிறுத்தவும் அவனுக்கு மனமில்லை. ஒருநாள் மேகம் இறங்கிப் பாதை மறைந்துவிட்டது, தன் கையே தனக்குத் தெரியவில்லை, அதன் போக்கில் விட்டுவிட்டேன், அதற்கு வழி தெரியும், வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றான்.

துரைசாணி சற்று முன்னால் சாய்ந்து கேட்டார்: "அந்த சைக்கிள் இப்போது எங்கே?"

"செத்துப்போய்விட்டது."

பரமானந்தம் வாயைப் பொத்தினார். பொத்தியும் சிரிப்பு மப்ளருக்குள்ளிருந்து வெடித்து வந்தது. துரைசாணி சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது. இனி எதைக் காப்பாற்ற?

"சைக்கிள் இல்லை அம்மா. குதிரை. எங்கள் ஊரில் சைக்கிள் இல்லை."

அந்த ஒரு வரிக்குப் பிறகு அவன் பயந்த மௌனம் வரவில்லை. அவனே பேசினான். விடுமுறைக்கு ஊர் போனபோது சுட்டியைக் கட்டும் கொட்டகையில் விறகு அடுக்கியிருந்ததைச் சொன்னான். அது செத்து மாதங்கள் ஆகியிருந்தன. படிக்கிற பிள்ளைக்கு எதற்குச் சொல்வது என்று வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். சேதியைக் கேட்டபோது அவன் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். விடுதிக்குத் திரும்பி யாரிடம் சொல்வது? குதிரை செத்ததென்றால் சிரிப்பார்கள். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே உறைத்தது: இதை இதுவரை அவன் ஒருவரிடமும் சொல்லியதில்லை. முதல்முதலாகச் சொல்வது அந்நிய பாஷையில், முன்பின் தெரியாத இரண்டு பேரிடம்.

வெளியே வராந்தாவில் காத்திருந்தான். பரமானந்தம் வந்து தமிழில் பேசினார்.

"ஏன் தம்பி, சைக்கிளுக்குக் கருமாதி பண்ணுனீங்களா இல்லையா?" என்று மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டெலிபோன்ல பேசுற வேல. புள்ளைக்குக் காய்ச்சல்னா, ஒண்ணுமில்லம்மா நல்லாருக்கான்னு கொஞ்சம் பொய்யும் சொல்லணும். ஒங்களுக்குப் பொய் அம்பது அடிகூட ஓட மாட்டேங்குதே. அந்தம்மா பரவால்லங்குது. நிறுத்தாமப் பேசுன ஆளு நீங்க ஒருத்தருதானாம். திங்கக்கிழமை வெள்ளனே வந்துருங்க."

கும்பிட்டான். படியில் இறங்கும்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல, சாரலைத் தவிர எதிரே யாரும் இல்லை.

மறுநாள் ஞாயிறு, சந்தை. ஊர்க்காரர் சின்னக்கருப்பனின் குதிரைகளோடு சுமையாளாக வேலப்பன் வந்திருந்தார். சுட்டி போனபின் அவர் பிறத்தியார் குதிரையைத்தான் ஓட்டினார். மூட்டைகளை இறக்கிவிட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் பீடி பற்றவைத்தவரிடம் பொன்னுவேல் போய் நின்றான்.

"வேல கெடச்சிருச்சுப்பா."

பீடியை உடனே காலில் தேய்த்து அணைத்தார். மகனைத் தொடக் கையை நீட்டி, பூண்டு மண்ணைப் பார்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். தொடவில்லை.

"என்னலே கேட்டாங்க?"

"சைக்கிளப் பத்திக் கேட்டாங்க."

"ஒனக்கு அதப்பத்தி என்ன தெரியும்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். நேற்று அறையில் சொன்னதெல்லாம் அப்படியே வரிசையாக இருந்தது. ஆனால் இங்கிலீஷில் இருந்தது. 'சுட்டி' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதைத் தமிழில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்பாவும் அந்தப் பெயரைச் சொல்லி நெடுநாளாயிற்று.

"தெரிஞ்சதச் சொன்னேம்ப்பா."

"அதுபோதும்லே." வேலப்பன் எழுந்தார். "மேகம் எறங்குது. வெரசாப் போய்ச் சேரணும்."

காலிச் சாக்குக் கட்டைத் தூக்கப் போன மகனை, "சட்ட அழுக்காயிரும், விடு" என்று தடுத்துவிட்டார். சின்னக்கருப்பன் குதிரைகளை முன்னே பத்திக்கொண்டு போக, அவர் சாக்குக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியாக நடந்தார். ஒரு கை சாக்கைப் பிடித்திருந்தது. மற்றக் கை, ஏதோ கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல, லேசாக மூடிப் பின்னால் நீண்டிருந்தது.

பொன்னுவேல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், மேகம் அதை மறைக்கும் வரை.