ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல்

கட்டாத கட்டடத்துக்குள் ஆட்களை நடக்கவிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்பதுதான் என் வேலை. கட்டடக்கலை படிக்கிறவளுக்கு இதைவிட நியாயமான வேலை ஏது என்று நம்பிச் சேர்ந்தேன். ஓசூருக்கு வெளியே வரப்போகும் முதியோர் இல்லத்துக்காக அப்படிக் கருத்துக் கேட்கப்பட்டவர் முனிராஜப்பா. வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே குடிவரப் பெயர் கொடுத்தவர். அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, கேட்ட ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். உங்களிடமும் யாராவது இப்படிக் கருத்துக் கேட்டிருந்தால் என் கொதிப்பு புரியும்.

கிழக்கு எது?

கட்டடத்தைக் கண்முன் படமாகக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டு, படுக்கையறைக்குள் நிறுத்தினேன். கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தார். "கிழக்கு எந்தப் பக்கம் பாப்பா? வடக்க தலை வெச்சுப் படுக்க மாட்டேன்." வெளியே வெயிலைப் பார்த்துக் கை காட்டினேன். கண்ணாடிக்குள் இருப்பவருக்கு என் கை எங்கே தெரியும்? தோளைப் பிடித்துத் திருப்பினேன். படத்திலோ சூரியன் வேறு பக்கம். எனக்கே தலை சுற்றியது.

"மொதல்ல நீயும் சூரியனும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் நான் படுக்கறேன்."

ஆளில்லாச் சாப்பாடு

அடுத்து சாப்பாட்டுக்கூடம். மேசை, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் பளபள. மனிதர்களை மட்டும் யாரும் வரையவில்லை. அவர் நின்றபடியே கேட்டார்: "ஏம்மா, மத்தவங்கெல்லாம் முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்களா?"

பக்கத்திலிருந்த இன்ஜினியர் குறித்துக்கொண்டது: "அமைதியான சூழல். திருப்தி."

சத்தம் ஆகாது

ஜன்னலுக்கு வந்தார். தோட்டம், நீரூற்று. இரண்டையும் விட்டுவிட்டு எதிர்ச்சுவரைத் தேடி வெறும் காற்றைத் தடவினார். "ரோடு எங்க?"

"ரோட்டுப் பக்கம் ஜன்னல் கிடையாதுங்க. வயசானவங்களுக்குச் சத்தம் ஆகாது" என்றார் இன்ஜினியர்.

"பட்டறையிலயே பாதி காது போனவன் சாமி நான். எம்பொண்ணு ஷிப்டு பஸ்ஸு அந்த வழியாத்தான் போவும். எறங்கி வர நேரமிருக்காது, கையாவது காட்டுவா. ஜன்னல் இல்லேன்னா நான் வரலே."

தீர்ப்பு

"குடியிருக்கப் போகிறவரே வடிவமைப்பாளர் என்று விளம்பரம் போட்டது நீங்கள்தானே? ஒரு ஜன்னல் வைத்தால் என்ன?" என்று இன்ஜினியரைப் பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டேன். கடைசியில் என்னைக் கட்டுமான இடத்துக்கே கூட்டிப்போனார். நாங்கள் கருத்துக் கேட்பதற்கு முன்பே ரோட்டுப் பக்கம் முழுக்கச் சுவர் எழும்பியிருக்கிறது. பிறகு எதற்குக் கருத்துக் கேட்டார்கள், எதற்கு என்னை அனுப்பினார்கள், எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முனிராஜப்பாவுக்காக நான் இத்தனை வாதாடியதற்கு இன்ஜினியரிடமிருந்து கிடைத்த பதில் இதுதான்: "செவுத்த உடைக்க முடியாதும்மா, வேணும்னா வி.ஆர். படத்துல ஒரு ஜன்னல் வெச்சு, பஸ்ஸையும் ஓட விடறேன்."