கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

இங்கே ஒரு பிள்ளை அழுதால் பெரியவர்கள் தரையில் உட்காருகிறார்கள். நார்வேயில் நான் உதவியாளராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பையன் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான். இங்ரிட் என்கிற ஆசிரியை, மூட்டுவலிக்காரி, அவன் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து "என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அவன் அழுகிறான், இவள் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு நாள் அவள் இல்லாத நேரத்தில் நானே அவனிடம் போய், எங்கள் ஊர் வழக்கப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். மறுநாள் விஷயம் தெரிந்து இங்ரிட் என்னைத் தனியே கூப்பிட்டு, அவன் வீட்டில் பட்டினி போடுகிறார்களா, உனக்கு ஏதாவது தெரியுமா என்று விசாரித்தாள். எங்கள் ஊரில் அது சோற்றைப் பற்றிய கேள்வியே இல்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மதிய இடைவேளை போய்விட்டது.

எங்கள் ஊர் என்றால் திருத்தங்கல். என் அத்தா, அதாவது அப்பா, அங்கே அச்சகங்களுக்குத் தாள் விற்கும் கடை வைத்திருந்தார். நான் படித்த வகுப்பில் பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை. பாடம் நடக்கும்போது எங்கேயாவது சத்தம் கேட்டால் வகுப்பு முழுவதும் சன்னல் பக்கம் திரும்பும். எந்தத் திசை, புகை எங்கே எழும்புகிறது என்று பார்ப்போம். அந்தத் திசையில் அம்மா வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் பையைக்கூட எடுக்காமல் ஓடுவார்கள். மற்றவர்களைப் பார்த்து ஆசிரியர், "படிங்க. படிச்சாத்தான் இந்த ஊரை விட்டுப் போகலாம்" என்பார். நான் படித்தேன், போய்விட்டேன். ஓடிப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். என்னோடு படித்த செல்வி இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் வகுப்பில் மாரீஸ்வரி என்று ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. கோடையில் நாரணாபுரத்துப் பக்கம் நடந்த வெடிவிபத்தில் அம்மா போய்விட்டாள், அப்பா லாரி லோடோடு எங்கெங்கோ சுற்றுகிறார், பிள்ளை சித்தி வீட்டில். பேச்சே இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று செல்வி புலம்பினாள். மனம் நொந்த பிள்ளைகளை எப்படி அடையாளம் கண்டு உதவுவது என்று எங்கள் ஆசிரியர்களுக்கு நீ பயிற்சி கொடேன் என்றாள். நானும் பெரிய மனுஷிபோலச் சரியென்றுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை. நார்வேயில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டு போய் நின்றேன். வகுப்பில் தூங்கும் பிள்ளையைக் கவனியுங்கள் என்றேன். பின்வரிசையில் ஓர் அறிவியல் ஆசிரியர் எழுந்தார். "சீசன்ல என் கிளாசுல பாதி தூங்கும்க. வீட்டுல பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுத்திட்டு வந்திருக்கும். நான் யாரைன்னு கவனிக்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து, இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தேன். ஒருவர் மாணவர், ஒருவர் ஆசிரியர். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு நான் கையை இறக்கும்வரை பேசாமல் இருங்கள் என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். அடடா, ஒருத்தராவது சும்மா இருக்கவேண்டுமே! கேள்வியின் வாலிலேயே புத்திமதி வந்து தொங்கியது. அழக்கூடாது, தைரியமாக இருக்கணும், தம்பி தங்கச்சியை நீதான் பார்த்துக்கணும், நல்லாப் படி. மறுபடி செய்யச் சொன்னேன், மறுபடியும் அதே. செல்விக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ சும்மா இருன்னு சொல்லிட்டுப் போயிருவே. பிள்ளை முன்னாடி வாய மூடிட்டு உக்காந்தா, இந்த டீச்சருக்கு என்ன கோட்டியான்னு நினைக்காதா?" தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே பெட்டி வந்தது. தீபாவளிக்குப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பட்டாசு அடைத்த கிஃப்ட் பாக்ஸ் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேடை போட்டு, முதலாளி வந்து, படம் பிடித்து, பிள்ளைக்கு ஒரு பெட்டி. முதல் பெட்டி மாரீஸ்வரிக்கு என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். வேண்டாம் மேடம், அவளிடமே ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எல்லாப் பிள்ளைக்கும் பெட்டி, இவளுக்கு மட்டும் இல்லேன்னா ஒதுக்கி வச்சதா ஆகாதா? கேட்டா எந்தப் பிள்ளை வேணாம்னு சொல்லும்?" அதுவும் நியாயம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். செல்வி என்னடாவென்றால், "நீதானடி சொன்னே, தனிக் கவனம் வேணும்னு" என்கிறாள்.

மாரீஸ்வரி மேடையேறி இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினாள். தேங்க்ஸ் சார் என்றாள். படத்துக்குச் சிரித்தாள். எம்புட்டு அழகாகச் சிரித்தாள் பார்த்தாயா என்று செல்வி என் தோளைத் தட்டினாள்.

மறுநாள் மாரீஸ்வரி பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டாளாம், சித்தி அடித்துவிட்டாளாம், இனிமேல் பள்ளிக்கூடம் கிடையாதாம். செல்வியும் நானும் பைக்கில் போனோம். அந்தச் சித்தி சாம்பல் நிறமாகிப்போன தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். "குடிதண்ணி டீச்சர். இங்கன வாரத்துக்கு ஒருக்காதான் வருது. இவளுக்குப் படிச்சது போதும், குழாய் சுத்தட்டும்."

செல்வி மாரீஸ்வரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஏம்மா அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவள் உதட்டில் புத்திமதி வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுங்கினாள். சித்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். செல்வி கையைத் தூக்கினாள், பயிற்சியில் நான் தூக்கினேனே, அதே மாதிரி. சித்தி மொண்ட செம்போடு அப்படியே நின்றாள்.

"இந்தப் பெட்டி குடுத்தாங்கள்ல, எங்கம்மா மொதல்ல அந்தக் கம்பெனியிலதான் பெட்டி அடுக்குச்சு, டீச்சர். பொறவுதான் நாரணாபுரத்துக்குப் போச்சு. இது அம்மா அடுக்குன பெட்டியான்னு தெரியல. தம்பிக பத்த வைக்கப் போறோம்னாங்க. நனைச்சிட்டா வெடிக்காதுல்ல."

சித்தி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். போனது அவளுடைய அக்கா அல்லவா. அவளிடம் மட்டும் யார் கேட்டார்கள்?

நான் தீபாவளிக்கு முன்பே இங்கே திரும்பிவிட்டேன். பிறகு செல்வி போனில் சொன்னாள். மாரீஸ்வரி வருகிறாள். பரீட்சை வரைக்கும் பார்ப்போம் என்று சித்தி சொல்லியிருக்கிறாள், அதற்குமேல் வாக்குக் கொடுக்கவில்லை. "தினம் ஒரு வார்த்தை கேக்கேன். பாதி நாள் அவ ஒன்னும் சொல்லல. நானும் சொல்லல. வாய் நமநமங்குதுடி." தலைமை ஆசிரியை அடுத்த வருடமும் என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். அடுத்த வருடமும் பெட்டி உண்டாம், மேடையும் உண்டாம். போனைச் சுவரில் எறியலாம்போல இருந்தது.

வருடக் கடைசி நாளில் இங்கே ஊரே வெடி போடும். அன்று மத்தியானம் இங்ரிட் வீடு தேடி வந்து ஒரு பட்டாசுப் பெட்டியை நீட்டினாள். உன் ஊர்ப் பொருள், உனக்கு வீட்டு ஞாபகம் வரும் என்றாள். அடியில் சீனத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. அழுகிற பிள்ளையிடமெல்லாம் தரையில் உட்கார்ந்து கேட்கிறவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். சிரித்தேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

அவள் போனதும் குளியலறையில் வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்தேன். செல்வியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு என்னடி செய்யுது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

வெளியே இந்த ஊர்ப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தலை தானாகத் திரும்பி எந்தத் திசை என்று பார்த்தது. எனக்குத் தெரிந்த யாரும் இங்கே எந்தத் திசையிலும் வேலைக்குப் போயிருக்கவில்லை. வாளி நிறைந்து வழிந்தது. பெட்டி மடியிலேயே இருந்தது. செல்வி இன்னும் போனை வைக்கவில்லை.